கடலில் கட்ட அனுமதி: பரிவேஷ் இணையவாசலும் அதற்கு அப்பாலுள்ள வாசல்களும்

தமிழகக் கடலோரத்தில் படகு அணையும் சிறு தளம், இறால் குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் கடல்நீர் இழுக்கும் குழாய், கரை அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு, கடலடியில் செல்லும் கேபிள் என எதை அமைக்க விரும்பினாலும், முதலில் பெற வேண்டியது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியாகும். பேச்சில் எல்லோரும் இதனை ‘சி.ஆர்.இசட். கிளியரன்ஸ்’ என்றே சொல்கிறார்கள். இதற்கான விண்ணப்பம் இப்போது ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்தின் பரிவேஷ் இணையவாசல் வழியாகச் செல்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கும் விண்ணப்பக் கோப்புகளைத் தயாரித்துக் கொடுக்கும் கட்டடப் பொறியாளன் என்ற முறையில், இந்தச் சேவையைப் பயன்படுத்துபவரின் பக்கத்தில் நின்று மதிப்பிட்டு எழுதுகிறேன். சட்டம் கடுமையானதா, தளர்வானதா என்ற விவாதத்தை வேறு இடத்துக்கு விட்டுவிட்டு, அனுமதி கேட்டு வருபவருக்கு அரசு தரும் சேவை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையவாசலுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்தில் நான்கு தருவேன். முழுச் சேவைக்கு என்றால் இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை. விண்ணப்பதாரரின் பணமும் காலமும் கரைவது இணையவாசலுக்குள் நுழைவதற்கு முந்தைய வேலையில்தான். அந்த வேலை, பெருந்திட்டக்காரரின் கையிருப்பை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துப் பணத்தில் ஒரு தளம் கட்ட நினைப்பவர், துறைமுக நிறுவனம் நடக்கும் அதே பாதையில், ஏறத்தாழ அதே சுமையோடு நடக்க வேண்டியிருக்கிறது.

பரிவேஷ் 2018 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்டது. சுற்றுச்சூழல், வனம், வன உயிரினம், கடற்கரை மண்டலம் ஆகிய நான்கு வகை அனுமதிகளையும் ஒரே இடத்தில் கேட்கச் செய்வதே அதன் நோக்கம். அதற்கு முன்பு தாள் கோப்புகளைச் சுமந்துகொண்டு, எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று விசாரித்துத் திரிந்தவர்களுக்கு, இன்று விண்ணப்ப எண்ணை இட்டவுடன் அது நிற்கும் நிலை திரையில் தெரிவது பெரிய ஆறுதல்தான். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில், திட்டத்தின் தன்மையையும் இடத்தையும் குறிப்பிட்டால் எந்தெந்த அனுமதி தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லும் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. புதிதாக வருபவர் விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் இந்தப் பகுதியைப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. அது தரும் பதில் சட்டப்படியான முடிவன்று. ஆயினும் தவறான படிவத்தில் நாள்களைச் செலவிடாமல் தப்பிக்க உதவும்.

திட்ட எல்லையைக் ‘கே.எம்.எல்.’ எனப்படும் கணினி வரைபடக் கோப்பாக ஏற்ற வேண்டும் என்பது பலரைத் தடுமாற வைக்கும் இடம். நிலத்தில் மனை அளந்து பழகிய சர்வேயர்கள், கடலுக்குள் செல்லும் குழாய்க்கோ தளத்துக்கோ புவிக் குறியீடுகளைக் குறிக்கும்போது, வரைபடம் ஓர் ஆயத்தொலை முறையிலும் கோப்பு வேறொரு முறையிலுமாக அமைத்துவிடுகிறார்கள். இணையவாசலின் பார்வையில் அப்போது திட்டம் ஒரு பக்கமாக நகர்ந்து, அலையாத்திக் காட்டின் மேலோ பக்கத்து ஊரின் மேலோ போய் உட்கார்ந்துவிடுகிறது. படிவத்தை அனுப்புவதற்கு முன்பு செயற்கைக்கோள் படத்தின் மேல் அந்தக் கோப்பைத் திறந்து கண்ணால் சரிபார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

எந்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கிறோம் என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991 பிப்ரவரியில் வந்தது; 2011 ஜனவரியில் புதிதாக எழுதப்பட்டது; 2019 ஜனவரியில் மீண்டும் மாற்றப்பட்டது. மூன்றாவது அறிவிக்கை ஒரு மாநிலத்தில் முழுமையாக நடைமுறைக்கு வர, அந்த மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் அதற்கேற்பத் திருத்தப்பட்டு ஒன்றிய அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 2011 அறிவிக்கையே ஆளும். ஆகவே, விண்ணப்பிக்கும் நாளில் தம் இடத்துக்கு எந்த வரைபடம் பொருந்துகிறது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். அறிவிக்கைகளுக்குப் பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பழைய பிரதியை வைத்துக்கொண்டு எழுதிய கோப்புகள் திரும்பி வருவதை அடிக்கடி காண்கிறேன்.

மண்டலப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அலையாத்தி, பவளப்பாறை, கடற்புல், மணற்குன்று, கடலாமை முட்டையிடும் கரை போன்றவையும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட நிலமும் முதல் பிரிவில் வருகின்றன. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்புறம் இரண்டாம் பிரிவு. ஊர்ப்புறக் கரை மூன்றாம் பிரிவு. தாழ் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் வற்றும்போது நீர் பின்வாங்கும் எல்லையிலிருந்து, 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பும், ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளும் உப்பங்கழிகளும் நான்காம் பிரிவு. பொதுவிதியாக, இரண்டிலும் மூன்றிலும் வரும் பணிகளை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையமே (சுருக்கமாக, மாநில ஆணையம்) முடிவு செய்கிறது. முதல் பிரிவிலும் நான்காம் பிரிவிலும், அதாவது உண்மையில் தண்ணீருக்குள் நடக்கும் பணிகளில், மாநில ஆணையம் பரிந்துரைக்க, ஒன்றிய அமைச்சகம் அனுமதிக்கிறது. உள்ளூர் மக்களின் பாரம்பரிய மீன்பிடிப்பை அறிவிக்கை தடுக்கவில்லை. வலை போடுவதற்கு யாரும் இங்கே விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

இந்தச் சேவையில் மிகக் கடினமான பகுதி வரைபடம். விண்ணப்பத்துடன் 1:4000 அளவையில் கடற்கரை மண்டல வரைபடம் ஒன்று வைக்க வேண்டும். அதன்மேல் திட்டத்தின் அமைப்பைப் பொருத்திக் காட்ட வேண்டும். கூடவே, திட்ட இடத்தைச் சுற்றி 7 கிலோமீட்டர் வரையுள்ள மண்டலப் பிரிவுகளையும் சூழல் எளிதில் பாதிப்படையும் இடங்களையும் காட்டும் இன்னொரு வரைபடமும் வேண்டும். இவற்றை அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனங்கள் மட்டுமே வரையலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றுள் ஒன்று. உயர் ஓதக் கோடும் தாழ் ஓதக் கோடும் எங்கே ஓடுகின்றன என்பதற்கு, சென்னையிலுள்ள தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையம் வகுத்த கோடுகளே 2019 அறிவிக்கையின்படி அடிப்படை.

உயர் ஓதக் கோடு என்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரும் ஏற்றத்தில் நீர் நிலத்தில் எட்டும் எல்லை. கரையில் வாழ்பவர்கள் படகை எவ்வளவு மேலே இழுத்து வைக்க வேண்டும் என்ற அனுபவத்தால் இதை நன்றாக அறிவார்கள். ஆனால் அந்த அறிவுக்குக் கோப்பில் இடமில்லை. கோட்டை வல்லுநர் வரைய வேண்டும் என்ற விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் கோடு போட்டுக்கொண்டால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். எண்ணூர்க் கழிமுகத்துக்கு 1996ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்றாகவும் பின்னாளில் காட்டப்பட்ட வரைபடம் வேறாகவும் இருந்ததை, அந்தப் பகுதி மீனவர்களே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு வெளிக்கொணர்ந்து கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வரைபடத்தின் மீதான கண்டிப்பு அப்படியே நீடிக்கட்டும். ஆனால் அரசு மையமே வகுத்து வைத்திருக்கும் கோட்டை, அரசு அங்கீகரித்த நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தி மீண்டும் ஒரு தாளில் வாங்கி, அரசிடமே திரும்பக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில், சில இலட்ச ரூபாய் மதிப்புள்ள பணிக்கும் பல நூறு கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் ஒரே நடைமுறை இருப்பதற்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை. சிறு பணிகளுக்கு மட்டுமாவது, இணையவாசலிலேயே அந்தக் கோட்டைத் திறந்து, திட்டத்தை அதன்மேல் வைத்துச் சான்றிட்ட நகலைப் பெறும் வசதி இருக்கலாம்.

கடலிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்ற நினைப்பில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் கழி ஓரத்தவர்கள். கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு, பிச்சாவரம் போன்ற இடங்களில் அலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆண்டின் மிக வறண்ட காலத்தில் அளக்கும்போது நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் 5 பங்கு அல்லது அதற்கு மேல் இருக்கும் இடம்வரை, ஓதத்தின் செல்வாக்கு உள்ள நீர்நிலை என்றே அறிவிக்கை கருதுகிறது. 2011 விதியின்படி அந்த நீர்நிலையின் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுவரை மண்டலம் நீளும். 2019 விதி அந்த 100 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. இடம் வாங்கும்போதே இதைப் பார்க்காமல், கட்டடத் திட்ட ஒப்புதலுக்குப் போன பிறகு தெரிந்துகொள்பவர்கள் அதிகம்.

கோப்பு தயாரானதும் மாவட்டத்துக்குச் செல்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு இடத்தைப் பார்த்து மாநில ஆணையத்துக்குக் கருத்துச் சொல்கிறது. இந்தக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்பது அறிவிக்கையின் சொல். முழு நடைமுறையிலும் என் மனத்துக்கு மிகவும் ஒப்பான பகுதி இதுவே. பொரிப்பகக் குழாய் எந்த மீன்பிடிப் பாட்டின் (வலை போடும் இடத்தின்) குறுக்கே போகிறது, எந்த மாதத்தில் கரைவலை இழுப்பார்கள், முகத்துவாரம் எப்போது அடைபடும் என்பவற்றைக் கேட்டறியக்கூடிய இடம் இந்த மேசை ஒன்றுதான். விண்ணப்பதாரர்கள் இதை ஒரு தடையாகப் பார்க்கிறார்கள். நானோ, கூட்டத்துக்கு முன்பே அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய்ப் பேசிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். குழாயின் பாதையை அப்போதே சற்று மாற்றிக்கொள்வது தாளில் ஒரு கோட்டை நகர்த்துவதோடு முடிந்துவிடும். கட்டிய பிறகு மாற்றுவது நீதிமன்றத்தில்தான் முடியும்.

அடுத்த நிலையில் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். ஒன்றிய அமைச்சகத்துக்குப் போக வேண்டிய பணிகளில் அதற்கு மேல் இன்னொரு 60 நாள்கள். கேட்பதற்கு நியாயமான கால அளவாகத் தோன்றும். ஆனால் இந்த வாக்கியத்தின் எடை முழுவதும் ‘முழுமையான’ என்ற சொல்லில் இருக்கிறது. கூடுதல் விவரம் கேட்டு இணையவாசலில் குறிப்பு வந்தால், இத்துறையினர் வாயில் ‘இ.டி.எஸ். விழுந்தால்’, அந்தக் கோப்பு இன்னும் முழுமையாகவில்லை என்று பொருள். ஆகவே 120 நாள்கள் என்ற கணக்கை நம்பி ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. கேட்கப்படும் விவரங்கள் பெரும்பாலும் நியாயமானவையே: கழிவுநீர் எங்கே போகும், கட்டுமானக் காலத்தில் தோண்டும் மணலை எங்கே கொட்டுவீர்கள், புயல் எச்சரிக்கையின்போது என்ன செய்வீர்கள் என்பன போன்றவை. இவற்றை முதல் நாளிலேயே ஊகித்து எழுதிவிட்டால் பாதி அலைச்சல் குறையும். இந்த ஆணையங்களுக்குப் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய ஆணையத்தின் காலம் முடியும் தறுவாயில் கோப்பை அனுப்பினால், புதியது அமையும்வரை காத்திருக்க நேரலாம்.

பெருந்திட்டங்களில் இந்த நடைமுறை எவ்வளவு திறந்த தன்மையோடு நடக்க முடியும் என்பதற்குச் சென்னை மெரினா கடற்கரையையொட்டிக் கடலுக்குள் சுமார் 360 மீட்டரில் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதிக்காக அமைக்கத் திட்டமிடப்பட்ட பேனா நினைவுச் சின்னம் நல்ல எடுத்துக்காட்டு. கடல்நீருக்குள் நினைவுச் சின்னங்களை விதிவிலக்காக அனுமதிக்கும் பிரிவு 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது; தமிழக அரசின் ரூ.81 கோடித் திட்டத்துக்கு 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் மக்கள் கருத்துக் கேட்பு நடந்தது. ஆதரவும் எதிர்ப்பும் கூச்சலுமாக அது நடந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே ஆண்டில் நிபந்தனைகளோடு ஒன்றிய அமைச்சகத்தின் அனுமதி வந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் நிபந்தனைகளும் பொதுவெளியில் படிக்கக் கிடைத்தன என்பது இந்தச் சேவையின் வலிமை. புதிதாக விண்ணப்பிப்பவர் தம் திட்டத்தை ஒத்த பழைய கோப்பு ஒன்றை இணையவாசலில் தேடி எடுத்து, அதற்கு என்னென்ன கேள்விகள் எழுந்தன, எந்த நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்று படித்தால், எந்தப் பயிற்சி வகுப்பும் தராத தெளிவு கிடைக்கும்.

ஆனால் படிக்கக் கிடைப்பவை அநேகமாக எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆணையத்தின் கூட்டப் பொருள், நடவடிக்கைக் குறிப்பு, அனுமதிக் கடிதம், விதிமீறல் மீதான நடவடிக்கை ஆகியவற்றை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. 14 கடலோர மாவட்டங்களில், 1,076 கிலோமீட்டர் நீளம் என்று அரசு ஏடுகள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வந்த கரையில், தம் ஊருக்கு எதிரே கடலில் என்ன வரப்போகிறது என்பதை ஊராரே படித்தறிய முடியாத நிலையில் அதை வெளிப்படைத் தன்மை என்று முழு மனத்தோடு சொல்ல இயலவில்லை. முழு அறிக்கையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கூட்டப் பொருளின் ஒரு பக்கச் சுருக்கம் தமிழில் இருந்தாலே மாவட்டக் குழுவின் மீனவப் பிரதிநிதிகள் ஆயத்தமாக வந்து பேச முடியும்.

பரிவேஷுக்கு உள்ள ‘ஒற்றைச் சாளரம்’ என்ற பெயரை நம்பி, இந்த ஓர் அனுமதியோடு வேலை முடிந்தது என்று எண்ணுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. படகுத் தளம் என்றால் தமிழ்நாடு கடல்சார் வாரியம் இருக்கிறது, மீன்வளத்துறை இருக்கிறது. உவர்நீர் இறால் வளர்ப்பு என்றால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையத்தின் பதிவு தனியே வேண்டும். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பகுதியில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளோ அருகிலோ இடம் வந்தால் வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கும். பாக் நீரிணைப் பகுதியில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வன உயிரின அனுமதி பரிவேஷிலேயே கேட்கக் கூடியது. மற்றவை ஒவ்வொன்றும் தனித்தனி அலுவலகம். ஒரே வீட்டுக்கு ஐந்து சாவி என்பது போன்ற இந்த நிலையில், எந்தச் சாவியை முதலில் திருப்ப வேண்டும் என்றாவது இணையவாசல் தெளிவாகச் சொல்லலாம்.

சிறியவர்களுக்கு இந்தச் சேவையில் சலுகையே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். தாம் வசிப்பதற்காக 300 சதுர மீட்டர் வரை வீடு கட்டுபவர், அந்த இடத்தில் வீடு கட்ட விதி இடம் தருமானால், 2019 அறிவிக்கையின்படி மாநில ஆணையத்தின் பரிந்துரைக்குப் போக வேண்டியதில்லை. மண்டல விதிகளைச் சரிபார்த்து உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம். மீன் உலர்த்தும் தளம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம் போன்றவற்றுக்கும் கரையில் இடமளிக்கப்பட்டுள்ளது. கரையில் காட்டிய இந்தப் பரிவு, நீருக்குள் இறங்கியவுடன் மறைந்துவிடுவதுதான் என் குறை.

ஆலோசகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் படிப்பவர் என் சொல்லைச் சற்றுக் குறைத்தே எடைபோடலாம். இறங்குதளம் ஒன்றுக்கு ஒரு தனியார் நிறுவனம் எழுதிக் கொடுத்த தாக்க அறிக்கை என்னிடம் சரிபார்ப்புக்கு வந்தது. அதில் வேறொரு கடற்கரையின் மீன் இனப் பட்டியலும் காற்றுத் திசை விவரமும் அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. அந்த ஊரில் பவளப்பாறையே கிடையாது, அறிக்கையிலோ அதைப் பாதுகாப்பதற்கு ஒரு தனி அத்தியாயம். சங்கத்தார் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. எனவே, யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், களத்தில் மாதிரி எடுத்த நாள், இடம், படகு உரிமையாளரின் கையொப்பம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மண்டல வரைபடத்துக்கான கட்டணத்தை ஆலோசகர் மூலமாக அன்றி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு நேரடியாகச் செலுத்துங்கள். பணியை மாநில ஆணையமே முடிக்க முடியுமா, தில்லிவரை போகுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக ‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை. நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்ற அரையாண்டு அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 31 ஆகிய நாள்களில் அளிக்க வேண்டும். கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு இதை மறந்துவிடும் சங்கங்களும் நிறுவனங்களும் உண்டு. பின்னர் தளத்தை நீட்டிக்கவோ, குழாயை மாற்றவோ மறுபடி விண்ணப்பிக்கும்போது, விடுபட்ட அறிக்கைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். சங்கத்தில் செயலாளர் மாறும்போது கணக்கு நோட்டோடு இந்தக் கோப்பையும், இணையவாசலின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கைமாற்றிக் கொடுப்பதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.